எட்டு நாள் மௌனத் தியானம்: இயேசு சபையாரின் ஆன்மிகப் பயிற்சி பற்றி ஒரு மதிப்பீடு

இயேசுவை நம்புகிறேன் என்று சொல்வதற்கும், வாழ்நாள் முழுவதும் அவரோடு நெருங்கிய உறவில் இருப்பேன் என்று முடிவெடுத்து அந்த முடிவில் நிலைத்து நிற்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கடக்கத் திருச்சபையில் பல வழிகள் உண்டு. இயேசு சபை என்ற துறவுச் சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளை அடிப்படையாகக் கொண்டு, அந்தச் சபையாரின் தியான இல்லங்களில் நடத்தப்படும் எட்டு நாள் மௌனத் தியானம் அவற்றில் ஒன்று. எங்கள் பாட்டிமார் காலத்தில் இதை ஞானஒடுக்கம் என்றார்கள். நான் இதைச் செய்த இல்லம் பழனி மலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது. சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரை எழுதவில்லை. தவிரவும், பல ஊர்களில் ஏறத்தாழ இதே வடிவில் கிடைக்கும் ஒரு தியானத்தை எடைபோடுவதற்கு அந்த ஒரு வீட்டின் பெயர் தேவைப்படவும் இல்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயேசுவை அறிய வேண்டும் என்ற ஆவல் உள்ளவர், உணர்ச்சி பொங்கும் அனுபவத்தை எதிர்பார்க்காமல், ஒரு முடிவுக்கு வரத் தயாராகப் போனால், இதைவிடக் கவனமாகக் கைப்பிடித்து நடத்தும் வழி வேறொன்றை நான் கண்டதில்லை.

தியானம் என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவு வருவது பெரிய மண்டபம், ஒலிபெருக்கி, இசைக்குழு, காலை முதல் மாலை வரை மறையுரைகள், இரவில் குணமளிக்கும் வழிபாடு ஆகியவைதான். கேரளத்துப் போட்டா தியான மையத்துக்குப் போய் வந்த குடும்பங்கள் எங்கள் பங்கில் நிறைய உண்டு. அங்கே குடியை விட்டுவிட்டுத் திரும்பியவர்களையும் நான் அறிவேன். அந்த அருளை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இஞ்ஞாசியாரின் தியானம் வேறு வகையைச் சேர்ந்தது. இங்கே மறையுரை மிகக் குறைவு. நமக்காக வேறொருவர் செபித்து முடித்துவிடுவதும் இல்லை. வழிகாட்டும் குருவான தந்தை ஒரு விவிலியப் பகுதியையும், எந்த அருளைக் கேட்க வேண்டும் என்பதையும், எப்படித் தொடங்க வேண்டும் என்பதையும் சில நிமிடங்களில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். மீதி அனைத்தும் இயேசுவுக்கும் நமக்கும் இடையில் நடக்க வேண்டியவை. தியானம் தருபவர் தராசின் முள்போல நடுவில் நிற்க வேண்டும், எந்தப் பக்கமும் சாயக் கூடாது, படைத்தவரே தம் படைப்போடு நேரடியாக உறவாட இடம்விட வேண்டும் என்று இஞ்ஞாசியார் தம் நூலின் தொடக்கக் குறிப்புகளிலேயே கட்டளையாக எழுதி வைத்திருக்கிறார். இந்த ஒரு விதி ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதை வைத்தே எந்தத் தியான இல்லத்தையும் எடைபோட்டுவிடலாம் என்று நினைக்கிறேன்.

இந்த விதி ஏன் பிறந்தது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே விடை. 1521 மே 20 அன்று ஸ்பெயினின் பாம்ப்லோனா கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கி, லொயோலா மாளிகையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்த அந்தப் போர்வீரர், வாசிக்க வீரக் கதைகள் கேட்டார். வீட்டில் இருந்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் கதைகளும்தான். படுத்தபடியே அவர் இரண்டு வகைக் கனவுகளைக் கண்டார்: உயர்குலப் பெண் ஒருத்திக்காகத் தாம் ஆற்றப்போகும் வீரச் செயல்கள் ஒருபுறம், பிரான்சிஸ் அசிசியாரையும் தோமினிக்கையும்போல இயேசுவுக்காக வாழ்வது மறுபுறம். இரண்டுமே நினைக்கும்போது இனித்தன. ஆனால் முதலாவது கலைந்தபின் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது கலைந்தபின்னும் மகிழ்ச்சி தங்கியது. எந்தப் போதகரும் சொல்லித்தராமல், கடவுள் தம் உள்ளத்தில் செய்வதைத் தாமே கவனித்துக் கண்டுகொண்டதுதான் அவருடைய தொடக்கம். பிறகு மன்ரேசா என்ற ஊரில் 1522, 1523 ஆம் ஆண்டுகளில் செபத்திலும் கடும் தவத்திலும் கழித்த மாதங்களில் எழுதத் தொடங்கிய குறிப்புகளே வளர்ந்து நூலாயின. 1548 இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார். உட்கார்ந்து வாசித்து முடிக்கும் நூலாக அது எழுதப்படவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கதைப்புத்தகம்போல வாசிக்க முயன்றவர்கள் பத்துப் பக்கத்தில் மூடிவைத்துவிடுவதில் வியப்பில்லை. அது பயிற்சி தருபவர் கையில் இருக்க வேண்டிய கையேடு.

முழுப் பயிற்சி ஏறத்தாழ முப்பது நாள் நீள்வது. நான்கு வாரங்களாக அது பிரிக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு வாரமும் ஏழு நாள் என்ற கணக்கு இல்லை. ஆளுக்கு ஏற்பக் கூடும், குறையும். முதல் வாரம் நம் பாவமும் இறைவனின் இரக்கமும், இரண்டாவது இயேசுவின் பிறப்பு முதல் பணிவாழ்வு வரை, மூன்றாவது அவருடைய பாடுகள், நான்காவது உயிர்ப்பு. எட்டு நாள் தியானம் இதே பாதையைச் சுருக்கித் தருவது. துறவியர் ஆண்டுதோறும் செய்வது பெரும்பாலும் இந்த வடிவம்தான்.

போய்ச் சேர்ந்த மாலையிலேயே கைபேசியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடச் சொல்கிறார்கள். மறுநாளிலிருந்து, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரமாக நான்கு செபவேளைகள், திருப்பலி, மாலையில் நற்கருணை ஆராதனை, வழிகாட்டியோடு தனியாக ஒரு சந்திப்பு. ஒவ்வொரு செபவேளையும் முடிந்தபின் கால்மணி நேரம் அதைத் திரும்பிப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்: எங்கே மனம் தங்கியது, எங்கே நழுவியது, எங்கே எரிச்சல் வந்தது. இதைப் பலர் வீட்டுப்பாடமாக எண்ணித் தவிர்த்துவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. செபத்தில் நடந்தது செபம் நடக்கும்போது புலப்படுவதில்லை, எழுதும்போதுதான் புலப்படுகிறது. அதைவிடச் சிறியதாகத் தோன்றும் இன்னொரு பழக்கத்தையும் முதல் நாளே கற்றுத்தருகிறார்கள். செபிக்கப்போகும் இடத்துக்கு ஓரிரு அடி முன்பே நின்று, ஒரு 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' சொல்லும் நேரம் அசையாமல், கடவுள் என்னை எப்படிப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டு, தலைவணங்கியபின் உட்கார வேண்டும். நாம் பேசத் தொடங்கும் முன்பே அவர் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை உடம்புக்கே பழக்கிவிடும் இந்த ஒரு நிமிடத்துக்காக மட்டும்கூட நான் இந்தத் தியானத்தைப் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் வாரப் பயிற்சிகளே இதன் இதயம். எல்லாச் செபவேளைகளுக்கும் முன்னால் கேட்கச் சொல்லும் அருள் ஒன்றுதான்: எனக்காக மனிதரான ஆண்டவரை உள்ளூர அறிய வேண்டும், அறிந்து அவரை இன்னும் அதிகமாக அன்பு செய்து, அவரைப் பின்பற்ற வேண்டும். அறிவு, அன்பு, பின்பற்றல் என்ற இந்த வரிசையில்தான் உறவு நிலைக்கும் இரகசியம் அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் கூட்டங்களில் பெரும்பாலும் பின்பற்றலையே முதலில் கேட்கிறோம்; கையை உயர்த்துங்கள், எழுந்து நில்லுங்கள், இன்றே ஒப்புக்கொடுங்கள் என்கிறோம். அவர் யாரிடம் எப்படிப் பேசினார், யாருக்காக நின்றார், எதைக் கண்டு அழுதார் என்று நின்று பார்க்க நேரமே தருவதில்லை. யோவான் நற்செய்தியில் தம் பின்னால் வந்த முதல் இரண்டு சீடர்களிடம் அவர் எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்கிறார். அவர் தங்கும் இடத்தை அவர்கள் கேட்டபோது, வந்து பார்க்கச் சொல்கிறார். அவர்கள் போய்ப் பார்த்து அன்று அவரோடு தங்கினார்கள். அழைப்பை ஏற்று எல்லாவற்றையும் விட்டு அவர் பின்னால் செல்வது பிறகு வருகிறது.

பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு, பிறப்புக் காட்சியைத் தியானிக்கும் முறையைச் சொல்கிறேன். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகும் சாலையை முதலில் மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். அது எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், சமதரையா, மேடு பள்ளமா? பிறகு குகை எவ்வளவு பெரியது, கூரை எவ்வளவு தாழ்வு, உள்ளே என்னென்ன இருக்கின்றன? அன்னை மரியாவையும் சூசையப்பரையும், அவர்களோடு வந்த பணிப்பெண்ணையும் பார்க்க வேண்டும். இந்தப் பணிப்பெண் நற்செய்தியில் இல்லை; இஞ்ஞாசியார் அன்போடு சேர்த்துக்கொண்டவள். இறுதியில் நாமும் அங்கே ஓர் ஏழை ஊழியராக நின்று, அவர்களுக்கு வேண்டியதைச் செய்து கொடுக்க வேண்டும். முதல் தடவை எனக்கு நம் கோவில்களில் மார்கழி மாதம் வைக்கும் குடில்தான் கண்முன் வந்தது: வைக்கோல், வண்ணத்தாள், மினுக்கும் விளக்குகள். அதே பகுதியை மாலையில் மீண்டும் செபிக்கச் சொன்னார்கள். இந்த மறுசெபமும் இஞ்ஞாசியாரின் முறையே. அப்போது குடில் மறைந்து, ஈரமும் சாணமும் மணக்கும் ஒரு தாழ்வான இடம் வந்தது. சூசையப்பரின் கையிலிருந்து விளக்கை வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் சூடேறிக் கையில் உறைத்தது. அதற்குமேல் அந்த ஒரு மணி நேரத்தில் எதுவும் நடக்கவில்லை, எதுவும் நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. நிறைய அறிந்துகொள்வது ஆன்மாவுக்கு நிறைவு தராது, உள்ளே சென்று சுவைப்பதே நிறைவு தரும் என்று அந்த நூல் சொல்வதன் பொருளை அந்த மாலையில் கண்டேன்.

ஒவ்வொரு செபவேளையின் முடிவிலும் ஓர் உரையாடல் உண்டு. ஒரு நண்பர் இன்னொரு நண்பரிடம் பேசுவதுபோல, அல்லது ஊழியர் தம் தலைவரிடம் பேசுவதுபோல இயேசுவிடம் பேச வேண்டும். இங்குதான் வழிகாட்டியின் தேவை எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒரு நாள் நான் என் செபத்தை மிக விரிவாக விவரித்தேன். நற்செய்திப் பகுதியின் பின்னணி, இயேசுவிடம் பார்வை கேட்ட பர்த்திமேயுவின் நிலை, கூட்டத்தின் மனநிலை என்று அடுக்கினேன். தந்தை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் அவரைப் பற்றி நன்றாக யோசித்திருக்கிறீர்கள். அவரிடம் பேசினீர்களா?" என்று மட்டும் கேட்டார். நான் பேசாமல் இருந்தேன். "அவர் பர்த்திமேயுவிடம் கேட்டதை உங்களிடமும் கேட்கட்டும். பதில் சொல்லிவிட்டு நாளைக்கு வாருங்கள்" என்றார். அந்தச் சந்திப்பு பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு கேட்கும்போது பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்பது, பல ஆண்டுகளாக வாய்ப்பாடாகச் செபித்து வந்தவர்களுக்குத்தான் தெரியும். உண்மையில் எனக்கு என்ன வேண்டும் என்று தெரியாமலேயே இத்தனை காலம் அவரிடம் போய்க்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அந்தக் கேள்வியில் வெளிப்பட்டது.

நடுநாள்களில் வரும் ஒரு பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் அர்ப்பணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒன்றை அதைப்போலக் கூறுபோட்டுக் காட்டும் வேறொன்றை நான் சந்தித்ததில்லை. மூன்று வகை மனிதரைப் பற்றிய தியானம் அது. மூவரும் ஆளுக்குப் பத்தாயிரம் பொற்காசு சம்பாதித்திருக்கிறார்கள். திருட்டுப் பணம் என்று சொல்லப்படவில்லை. ஆனால் முழுக்க இறையன்புக்காகச் சேர்த்ததும் இல்லை. அந்தப் பணத்தின்மேல் உள்ள பற்று மனத்தை அழுத்துகிறது. அதிலிருந்து விடுபட்டுக் கடவுளோடு அமைதியில் இருக்க மூவருமே விரும்புகிறார்கள். முதலாமவர் விரும்புகிறார், விரும்பிக்கொண்டே இருக்கிறார், சாகும்வரை எந்த வழியையும் கையில் எடுப்பதில்லை. இரண்டாமவர் பற்று போக வேண்டும், பணமும் இருக்க வேண்டும் என்கிறார். தாம் கடவுளிடம் போவதற்குப் பதிலாகக் கடவுள் தாம் நிற்கும் இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். மூன்றாமவர் வைத்துக்கொள்ளவும் துடிக்கவில்லை, உதறிவிடவும் துடிக்கவில்லை. இறைவனின் சேவைக்கு எது உகந்ததோ அதைச் செய்ய மனத்தை விடுதலையாக வைத்திருக்கிறார்.

இதில் நம்மைச் சுடுவது இரண்டாமவர்தான். செபம், நோன்பு, நன்கொடை, திருப்பயணம் எல்லாம் அவரிடம் இருக்கக்கூடும். இயேசுவை அவர் உண்மையாகவே நேசிக்கவும் கூடும். ஒன்றைத் தவிர எதை வேண்டுமானாலும் கொடுப்பார். அந்த ஒன்றைப் பற்றிய பேச்சையே எடுக்காத ஓர் இயேசுவோடு நெருக்கமாக இருக்க விரும்புவார். என் விஷயத்தில் அந்த ஒன்று பணமாக இருக்கவில்லை. எங்கள் பங்கின் பாடகர் குழுவில் எனக்கு இருந்த தலைமைப் பொறுப்பு. அது நல்ல பணி, திருச்சபைக்குப் பயனுள்ள பணி. அதை விடும்படி யாரும் கேட்கவில்லை, தந்தையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைத்துக்கொண்டாலும் சரி, கொடுத்துவிட்டாலும் சரி என்ற நிலைக்கு என்னைக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் நான் கேட்க வேண்டியிருந்தது. அதைக் கேட்க எனக்கு இரண்டு செபவேளைகள் முழுதாகப் பிடித்தன. அந்தத் தலைமை இன்று வேறொருவரிடம் இருக்கிறது; நான் வரிசையில் நின்று பாடுகிறேன், பாடும்போது பாட்டைக் கேட்கவும் முடிகிறது.

முடிவெடுப்பதில் இஞ்ஞாசியார் காட்டும் நிதானம் எனக்கு மிகப் பெரிய ஆறுதலைத் தந்தது. மனம் இருண்டு, செபம் கசந்து, கடவுள் தொலைவில் இருப்பதுபோல் தோன்றும் வேளையில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றவே கூடாது என்கிறார். அதோடு, அப்படிப்பட்ட வேளையில் குறித்த ஒரு மணி நேரத்தைக் குறைக்காமல் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். இயேசுவோடு உள்ள உறவில் வறட்சி வந்தவுடன் உறவே போய்விட்டது என்று முடிவுகட்டி, வேறு கூட்டம், வேறு போதகர், வேறு தியானம் என்று அலையும் பலருக்கு இந்த இரண்டு விதிகளும் முன்பே தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! திருமணத்திலும் நட்பிலும் நாம் ஏற்றுக்கொள்ளும் உண்மை இது; செபத்தில் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம். எங்கள் தியானத்தில் ஐந்தாம் நாள் பலருக்கு அப்படிப்பட்ட நாளாக இருந்தது என்பது உணவறையில் குனிந்திருந்த முகங்களிலேயே தெரிந்தது. அன்று யாரும் யாரையும் தேற்ற முயலவில்லை. அதுவும் சரியாகவே பட்டது.

பாடுகளையும் உயிர்ப்பையும் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை; அவை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக அமைபவை. உயிர்த்த இயேசு முதலில் தம் அன்னைக்குத் தோன்றியதாக வைத்து நான்காம் வாரத்தைத் தொடங்கும் அழகை மட்டும் குறிப்பிட வேண்டும். கடைசியில் வருவது அன்பை அடைவதற்கான தியானம். அன்பு சொல்லில் இருப்பதைவிடச் செயலில் இருக்க வேண்டும், அன்பு செய்பவர்கள் தம்மிடம் உள்ளதை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வார்கள் என்ற இரண்டு குறிப்புகளோடு அது தொடங்குகிறது. தன் விடுதலை, நினைவு, அறிவு, விருப்பம் அனைத்தையும் எடுத்துக்கொள்ளுமாறு ஆண்டவரிடம் ஒப்படைத்து, அவருடைய அன்பும் அருளும் போதும் என்று சொல்லும் செபம் அங்கேதான் வருகிறது. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் அது பாடமாகப் போயிருக்கும். அத்தனை நாள்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தபின் சொல்லும்போது, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு விலை இருப்பது தெரிகிறது.

இனிக் குறைகள். முதலாவதும் முக்கியமானதும் வழிகாட்டியின் நேரம். எங்கள் தியானத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கைக்கு வழிகாட்டிகள் போதவில்லை. சில நாள்களில் சந்திப்பு வரிசையில் காத்திருந்து, உள்ளே போனதும் அடுத்தவர் கதவருகில் நிற்பதை உணர்ந்தபடியே பேச வேண்டியிருந்தது. தனித்தனி வழிகாட்டலே இந்தத் தியானத்தின் உயிர் என்னும்போது, பதிவுகளைக் குறைத்துக்கொள்வதே நேர்மையானது. இரண்டாவது, பாவத்தைப் பற்றிய தொடக்க நாள்கள் நீண்டுவிட்டதால், இயேசுவின் பணிவாழ்வைத் தியானிக்கக் கிடைத்த நேரம் சுருங்கிவிட்டது. பாவ உணர்வு வேண்டியதுதான். சிலுவையில் தொங்குபவர் முன் நின்று, உமக்காக நான் என்ன செய்திருக்கிறேன், என்ன செய்கிறேன், என்ன செய்யப்போகிறேன் என்று கேட்கும் அந்தச் செபம் இல்லாமல் மேலே போக முடியாது. ஆனால் குற்ற உணர்வு மட்டுமே ஆழமாகப் பதிந்து, அவருடைய முகம் மங்கலாகவே இருந்துவிட்டால், வீடு திரும்பியபின் எஞ்சுவது பயமாகவே இருக்கும். மூன்றாவது, தேதிகள். இத்தகைய இல்லங்களின் ஆண்டு அட்டவணை பெரும்பாலும் குருக்களுக்கும் அருள்சகோதரிகளுக்கும் ஏற்றபடி அமைந்திருக்கிறது. எட்டு நாள் தொடர்ந்து விடுப்பு எடுக்க முடியாத கூலித் தொழிலாளிக்கும், சிறு பிள்ளைகளை விட்டுவர முடியாத தாய்க்கும் இந்த வாசல் பாதி மூடியே இருக்கிறது. இயேசுவோடு நெருங்கி வாழும் ஆவல் துறவியருக்கு மட்டும் உரியதல்லவே! நான்காவதாக, தியானம் முடிந்தபின் எந்தத் தொடர்பும் இல்லை. இறுதித் திருப்பலி, மதிய உணவு, விடைபெறல் என்று முடிந்துவிடுகிறது. மாதம் ஒருமுறை வழிகாட்டியைச் சந்திக்க ஓர் ஏற்பாடு இருந்தால், எடுத்த முடிவுகள் பல தளராமல் இருக்கும்.

தங்குமிடம் எளிமை, சுத்தம். ஆளுக்கு ஓர் அறை, ஒரு கட்டில், மேசை, நாற்காலி, சுவரில் ஒரு பாடுபட்ட சுரூபம். போர்வை நாமே கொண்டுபோவது நல்லது. இரவில் குளிர் இறங்குகிறது, கொசுவும் உண்டு. உணவு வீட்டுச் சாப்பாடு மாதிரி, காரம் குறைவு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே சொன்னால் கவனித்துக்கொள்கிறார்கள். பேசாமல் சாப்பிடுவது முதலில் சங்கடமாக இருக்கும். பக்கத்திலிருப்பவருக்குச் சாம்பார் வாளி வேண்டும் என்பதை அவர் தட்டைப் பார்த்தே உணர்ந்து நகர்த்திவைக்க இரண்டாம் நாளுக்குள் எல்லோரும் பழகிவிட்டோம். கட்டணம், அந்த ஊரில் ஒரு சாதாரண விடுதியில் தங்கிச் சாப்பிட ஆகும் செலவைவிடக் குறைவு. கொடுக்க இயலாதவர்கள் தந்தையிடம் தனியாகச் சொல்லலாம் என்று பதிவுத் தாளிலேயே அச்சிட்டிருந்தது.

இப்படி எடுக்கும் முடிவு நிலைக்குமா என்று கேட்பவர்களுக்கு, நம் மண்ணே சாட்சி சொல்லும். பாரிஸ் நகரில் படித்துக்கொண்டிருந்த பிரான்சிஸ் சேவியர், நெடுநாள் இஞ்ஞாசியாருக்குப் பிடிகொடுக்காமல் இருந்தவர். 1534 இல் இந்தப் பயிற்சியைச் செய்தார். 1542 இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து மனப்பாடமாக்கி, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிக் கற்றுக்கொடுத்தார். லிஸ்பனில் பிறந்து அருளானந்தர் என்ற பெயரோடு மறவ நாட்டில் உழைத்த இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ, கைதாகிச் சித்திரவதைப்பட்டுப் பிறகு போர்ச்சுக்கலுக்கு அனுப்பப்பட்டபோது, அரசரே அவரை அங்கே தங்கிவிடச் சொன்னார். சிறுவயதில் அதே அரண்மனையில் வளர்ந்தவருக்கு அது எளிய வாழ்வாக இருந்திருக்கும். அவர் 1690 இல் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்தார். இயேசு சபையில் சேரும் ஒவ்வொருவரும் நவதுறவு என்ற தொடக்கப் பயிற்சி நிலையிலேயே முப்பது நாள் பயிற்சியைச் செய்கிறார்கள். ஓரியூரின் செம்மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளும் நாம், அந்த மனிதரை உருவாக்கிய செபமுறை நமக்கும் திறந்தே இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் அறியாமலேயே ஊர் திரும்புகிறோம்.

யாருக்கு இது ஏற்றது? தினமும் கால்மணி நேரமாவது விவிலியத்தோடு அமர்ந்து பழகியவர்களுக்கு. அந்தப் பழக்கமே இல்லாதவர்கள் முதலில் மூன்று நாள் தியானத்துக்குப் போவது நல்லது. அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்களும், மனநல மருத்துவம் பெறுபவர்களும், பதிவுக்கு முன்பே வழிகாட்டியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். நீண்ட மௌனம் எல்லா வேளையிலும் எல்லோருக்கும் உகந்ததல்ல, நல்ல வழிகாட்டி இதைப் புரிந்துகொள்வார். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த ஒருவரும் எங்களோடு இருந்தார். திருப்பலியின்போது பின்வரிசையில் அமர்ந்திருப்பார், மற்ற எல்லாவற்றிலும் முழுமையாகப் பங்கெடுத்தார். நற்செய்தியே இதன் பாடநூல் என்பதால் பிற சபையினர் தயங்க வேண்டியதில்லை.

வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்காக இஞ்ஞாசியாரே இன்னொரு வடிவத்தை வைத்திருக்கிறார். பத்தொன்பதாம் குறிப்பு என்று இயேசு சபையார் சொல்லும் அந்த வடிவத்தில், வேலையையும் குடும்பத்தையும் விடாமல், தினமும் ஒரு மணி நேரம் வீட்டிலேயே செபித்து, குறித்த இடைவெளியில் வழிகாட்டியைச் சந்தித்து, பல மாதங்களில் முழுப் பயிற்சியையும் முடிக்கலாம். எட்டு நாளில் சுருங்கிப்போகும் இரண்டாம் வாரம் இதில் விரிவாகக் கிடைக்கும் என்பதால், இல்லறத்தாருக்கு இதுவே மேல் என்றுகூட நான் சொல்வேன். இதை எல்லா இல்லங்களிலும் விளம்பரப்படுத்துவதில்லை. நாமாகத்தான் கேட்க வேண்டும். எட்டு நாள் தியானத்துக்குப் பதிவு செய்பவர்களும் தொலைபேசியிலேயே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், தினமும் தனிச் சந்திப்பு உண்டா. இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் வேறு இல்லத்தைத் தேடுங்கள். கோடை விடுமுறை நாள்களில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. ஆண்டுத் தொடக்கத்திலேயே அட்டவணையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.